மூன்று ராணிகளும் ஏழு குதிரைகளும்

அது ரொம்பக் காலத்துக்கு முந்தைய கதை. மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். அந்தக் காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய ராணி சோமவல்லி. அவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு மூச்சு நேரம் முந்திப் பிறந்தவள் வஞ்சுளை. பிந்திப் பிறந்தவன் ஆதிரையன்.

வஞ்சுளை ஓடினால் காற்று பின்தங்கும். வாள் எடுத்தால் மின்னல் கண்ணை மூடிக்கொள்ளும். ஆதிரையனுக்கோ இடது கால் சூம்பிப் போயிருந்தது. ஒரு அடி வைப்பான், நிற்பான், அடுத்த அடி வைப்பான். ஆனால் ஒன்று, வைத்த அடியைப் பின்னால் எடுக்க மாட்டான். இருவரும் வாலிபப் பருவத்துக்கு வந்த பிறகும் ஒன்றாகவே இருந்தார்கள். சாப்பிட்டால் ஒரே இலை, சண்டை போட்டால் ஒரே நாழிகை, அப்புறம் சதுரங்கப் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருநாள் அந்த நாட்டுக்கு ஒரு மாயக்காரன் வந்தான். அவன் பெயர் துலாமாயன். அவனுக்கு முன்னால் ஒரு இரும்புத் தராசு, மாடும் இல்லாமல் ஆளும் இல்லாமல், தானாக உருண்டு வந்தது. அதன் ஒவ்வொரு தட்டும் கிணற்று வாய் அகலம். அதன் முள் பனைமர உயரம்.

"ராஜாவே! உங்கள் நாட்டில் சண்டை எதனால் வருகிறது?" என்று கேட்டான் துலாமாயன். "நான் பெரியவனா, நீ பெரியவனா என்பதால்தானே? என் துலா ஒரே சொல்லில் அதைத் தீர்த்துவிடும். தட்டில் ஏறி நின்றால் போதும். யாருக்கு என்ன எடை என்று அதுவே சொல்லும். எடை எடைதான்! மலை பெயர்ந்தாலும் மாறாது!"

ஊர் விடுமா? தன் எடை என்னவென்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இல்லை? திருவிழாக் கூட்டம் மாதிரி எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருவர் ஏறினார். மணி அடித்த குரலில் துலா சொன்னது: "ஒன்று!" அவர் முகம் வாடி, "சரி" என்று இறங்கினார். வைத்தியர் ஏறினார். "மூன்று!" குயவர் ஏறினார். "மூன்று!" கோட்டை கட்டும் பெருந்தச்சர் ஏறினார். "ஐந்து!" அவர் மார்பை நிமிர்த்தி, "சரி, சரி" என்று இரண்டு தடவை சொன்னார். ராணி சோமவல்லிக்கு ஒன்பது. ராஜாவின் அக்காள் பெரியநாயகிக்கு ஒன்பது. மீசையை முறுக்கிக்கொண்டு ஏறிய தளபதி வல்லிடியாருக்கும் ஒன்பது. ராஜா ஏறியபோது மட்டும் முள் அசையவே இல்லை. "ராஜாவுக்கு எடை கிடையாது. ராஜா விழுந்தால் எல்லாமே விழும்" என்றது துலா. அவரும் "சரி" என்றார்.

ஆதிரையன் ஏறினான். "ஒன்று!"

அவன் சிரித்தான். "சரி. நான் மெதுவாகத்தானே நடக்கிறேன்."

அடுத்து வஞ்சுளை ஏறினாள். "ஒன்பது!"

அவள் "சரி" என்று சொல்லவில்லை. முகம் சிவந்து போயிற்று. "நானும் என் தம்பியும் ஒரே வயிற்றில் கிடந்தவர்கள். நான் ஒன்பது, அவன் ஒன்றா? இது என்ன தராசு?" என்று தட்டிலிருந்து குதித்தாள்.

துலாமாயன் புன்னகைத்தான். பிறகு கையைத் தட்டினான். ஒரே ஒரு தட்டு.

அப்படியே ஊர் கல்லாகிப் போனது! ஒன்று என்று எடை வாங்கியவர்கள் எல்லாம் சதுரங்கத்துச் சிப்பாய்கள் ஆனார்கள். மூன்று வாங்கியவர்களில் பாதிப் பேர் குதிரைகள், பாதிப் பேர் மந்திரிகள். ஐந்து வாங்கியவர்கள் யானைகள். எடை இல்லாத ராஜா ராஜாக்காய் ஆனார். ஒன்பது வாங்கியவர்கள் ராணிகள். பாவம், மீசைத் தளபதியும் ராணிக்காயாகத்தான் ஆனார். "சரி" என்று சொன்ன எல்லோரையும் மந்திரம் பிடித்துக்கொண்டது. சொல்லாத ஒருத்தியை மட்டும் பிடிக்கவில்லை. வஞ்சுளையின் விரல்கள் தம்பியின் கையைப் பிடித்திருந்தன. அந்தக் கை அவள் பிடிக்குள்ளேயே சில்லிட்டு, கனத்து, கல்லாயிற்று.

காற்று ஒன்று சுழன்றது. துலாவும் கற்களும் துலாமாயனும் வானத்தில் எழும்பி, வடக்கே இருந்த இருநிறக் குன்றை நோக்கிப் பறந்தன. அந்தப் பெரிய ஊரில் கன்றுக்குட்டிகளின் குரல் தவிர வேறு குரல் இல்லை.

வஞ்சுளை அழுதாள். அழுதுகொண்டே நடந்தாள். காடு கடந்தாள், கரடு கடந்தாள், கல் உருளும் ஆறு கடந்தாள். கடைசியில் குன்றின் உச்சிக்கு வந்து சேர்ந்தாள்.

உச்சியைப் பார்த்தவுடன் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. அப்படி ஒரு காட்சி! மலையின் தலையையே சீவி எடுத்தது போல ஒரு பெரிய முற்றம். வெள்ளைப் பளிங்கும் கருங்கல்லும் மாறி மாறிப் பதித்த அறுபத்து நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வீடு கட்டலாம். அதைச் சுற்றி அவள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஆள் உயரக் கற்களாக நின்றார்கள். மேகம் அவர்கள் முழங்காலைத் தொட்டுக்கொண்டு போயிற்று.

"வா, இளவரசி! எனக்கு மூன்று ராணிகள் இருக்கிறார்கள். நான்காவது நீதான்" என்றான் துலாமாயன். "'சரி' என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிடு. வலிக்காது."

"சொல்ல மாட்டேன். என் ஊரை விடு."

"சும்மா விடுவேனா? ஆடு. மூன்று ஆட்டம். இரண்டில் நீ வென்றால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ. இரண்டில் நீ தோற்றால், தட்டில் ஏறி, 'சரி' என்று சொல்ல வேண்டும்."

"நியாயமான ஆட்டம் என்று எப்படி நம்புவது?"

"என் துலா இருக்கிறதே! உன் படையையும் என் படையையும் அதில் வைத்துச் சமன் பார்த்துத்தான் ஆடுவோம். எடை எடைதான்! மலை பெயர்ந்தாலும் மாறாது!"

மறுநாள் காலை முதல் ஆட்டம். இரண்டு பக்கமும் ராஜாவும் சிப்பாய்களும் நின்றார்கள். வஞ்சுளைக்கு மாறவேள் ராஜா, துலாமாயனுக்கு ஒரு இரும்பு ராஜா. துலாமாயன் தனக்கு ஒரு மந்திரியையும் ஒரு குதிரையையும் எடுத்துக்கொண்டான். மூன்றும் மூன்றும் ஆறு. வஞ்சுளைக்கு ஒரு யானையைக் கொடுத்து, ஒரு சிப்பாயையும் கூடுதலாகக் கொடுத்தான். ஐந்தும் ஒன்றும் ஆறு. துலாவின் முள் நேராக நின்றது.

அந்த யானைதான் பெருந்தச்சர். வஞ்சுளை அவரைத் தொட்டதும் கல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது. ஆமாம், தொட்டால் மட்டும் அந்தக் கற்கள் பேசின. "அம்மா, நான் நேராகத்தான் போவேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் சிப்பாய்கள் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது."

உண்மைதான். நெரிசலான பலகையில் யானை குறுகிக்கொண்டே போயிற்று. வஞ்சுளை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மெய்யாகவே கல் சிறுத்தது! இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அதே நேரம் துலாமாயனின் குதிரை, ஆட்களைத் தாண்டித் தாண்டிக் குதித்து, பனங்காய் உருள்வது போலப் பலகை எங்கும் உருண்டது. குதிக்கக் குதிக்க அது பெரிதானது.

'அப்படியானால் நெரிசலைக் குறைக்க வேண்டும்' என்று நினைத்தாள் வஞ்சுளை. சிப்பாய்க்குச் சிப்பாய் கொடுத்தாள், சிப்பாய்க்குச் சிப்பாய் எடுத்தாள். ஒரு வழி திறந்தது. யானை தோள் உயரம் ஆயிற்று. இன்னொரு வழி திறந்தது. யானை தலைக்கு மேல் போயிற்று. மூன்றாவது வழியும் திறந்தபோது, கடவுளே, கோபுரம் எழும்புவது போல அது எழும்பி நின்றது! முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடியது. குதிரையோ, அகன்ற வெளியில் இங்கே குதித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்து, நாய்க்குட்டி அளவுக்குச் சுருங்கிப் போயிற்று.

துலாமாயன் பலகையைப் பார்க்கவே இல்லை. அவன் கண் தராசிலேயே இருந்தது. "பத்துக்குப் பத்து... ஒன்பதுக்கு ஒன்பது... சமன்தானே! சமன்தானே!" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அவனுடைய இரும்பு ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போய்விட்டது.

"ஒன்று எனக்கு" என்றாள் வஞ்சுளை.

மறுநாள் இரண்டாவது ஆட்டம். ஆளுக்கு ஒரு ராணி. துலாமாயனுக்கு இரண்டு குதிரைகள். வஞ்சுளைக்கு இரண்டு மந்திரிகள். ஒருவர் வைத்தியர், அவர் வெள்ளைக் கட்டத்தில் மட்டும் சாய்வாக நடப்பார். இன்னொருவர் கோயில் ஓதுவார், அவருக்குக் கறுப்புக் கட்டம் மட்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றவுடன், விளக்கைத் தூண்டியது போல அவர்களிடமிருந்து இரண்டு ஒளிக்கீற்றுகள் புறப்பட்டன. ஒன்று வெள்ளைக் கட்டங்களின் மேல் பாய்ந்தது, ஒன்று கறுப்புக் கட்டங்களின் மேல் பாய்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டி வெட்டிப் பலகை முழுவதையும் பாய் முடைந்தது போல மூடிவிட்டன. எதிரிக்குக் கால் வைக்க இடமில்லை.

வஞ்சுளைக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி கைக்கு எட்டிவிட்டது என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து துலாமாயன் தன் குதிரை ஒன்றை ஓதுவாருக்குப் பக்கத்தில் தள்ளினான்.

"மூன்றுக்கு மூன்று. எடுத்துக்கொள். நானும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லை. வேண்டுமானால் துலாவைக் கேள்" என்றான்.

வஞ்சுளை திரும்பித் தராசைப் பார்த்தாள். முள் நேராக நின்றது. 'சரிதானே' என்று தோன்றியது. எடுத்தாள். அவனும் எடுத்தான். ஓதுவார் பலகையை விட்டு இறங்கினார்.

உடனே பாதி உலகம் இருண்டது. கறுப்புக் கட்டங்களின் மேலிருந்த ஒளி அணைந்தது. வைத்தியர் ஒற்றை ஆளாக நின்று தடுமாறினார். வஞ்சுளை அவரைத் தொட்டாள். "தாயே, எனக்கு வெள்ளை மட்டும்தான் தெரிகிறது. கறுப்பில் யார் வருகிறார்கள்? யார் வருகிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டே முழங்கால் அளவுக்குச் சுருங்கினார். துலாமாயனின் மிச்சக் குதிரை கறுப்புக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அசைக்க ஆளில்லை. அவன் ராணியும் கறுப்புக் கட்டம் வழியாகவே நுழைந்தாள்.

மாறவேள் ராஜா சாய்ந்தார். கல் கல்லின் மேல் மோதிய ஓசை மலையெங்கும் கேட்டது.

"ஆளுக்கு ஒன்று" என்றான் துலாமாயன். "நாளைக்கு நீ என் ராணி."

அன்று பிற்பகல் வஞ்சுளை பலகையின் ஓரத்தில் தம்பியின் அருகே உட்கார்ந்தாள். அவன் தோளைத் தொட்டாள்.

"அக்கா, ஏன் அழுகிறாய்?" என்றான் கல்லுக்குள்ளிருந்து ஆதிரையன்.

"அவன் தராசு தப்பு என்று சொல்லிவிட்டு, கடைசியில் நானும் அதைத்தானேடா திரும்பிப் பார்த்தேன்! கண் முன்னால் அவ்வளவு ஒளி. அதை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்தேன்."

"போனது போகட்டும். நான் ஒன்று சொல்லவா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"இன்றைக்கு அவன் ராணி நம் அப்பாவைப் பிடிக்க வந்தாளே, அவள் நேரே வரவில்லை. என் பக்கம் வந்தாள், என்னைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு போனாள். எனக்கே ஆச்சரியம். ஒன்பதுக்கு என்ன, ஒன்றைக் கண்டு பயமா?"

வஞ்சுளை நிமிர்ந்தாள். ஆமாம்! தம்பியின் கட்டத்துக்குச் சாய்வாக முன்னால் இருந்த அந்தக் கட்டம். முதலில் அங்கே எதிராளிச் சிப்பாய் ஒருவன் தைரியமாக நின்றுவிட்டுப் போனான். குதிரைகூட அதைத் தாண்டிக் குதித்துப் போயிற்று. ராணியால் மட்டும் அங்கே கால் வைக்க முடியவில்லை. வைத்தால் ஆதிரையன் வெட்டுவான். ஒன்றிடம் ஒன்பதைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

"தம்பி," என்றாள் மெல்ல, "எடை கூடினால் பயமும் கூடுமோ?"

"அப்படித்தான் போலிருக்கிறது. என்னைக் கண்டு அவர்கள் ஒதுங்குகிறார்கள். நான் யாரைக் கண்டும் ஒதுங்க வேண்டியதில்லை. எனக்கு என்ன, ஒன்றுதானே!"

அவள் எழுந்து நின்றாள். அந்தப் பெரிய முற்றத்தைப் பார்த்தாள். ஒரு சிறிய காய் காக்கும் கட்டம் சிறிய காய்களுக்குத் திறந்த கதவு, ராணிக்கு மூடிய கதவு. இரண்டு சிறியவர்கள் இருந்தால் மூடிய கதவுகள் இன்னும் அதிகம். நிறையப் பேர் இருந்தால்? பலகை முழுக்க ராணிகளுக்குக் கதவு மூடிப் போனால்? நினைக்க நினைக்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வானத்தில் எத்தனை நட்சத்திரம் என்று முதன்முதலாக அண்ணாந்து பார்த்த குழந்தை மாதிரி நின்றாள்.

மூன்றாம் நாள் விடிந்தது. துலாமாயன் பட்டுடுத்தி வந்தான். மூன்று ராணிக்காய்களையும் தராசுத் தட்டில் ஏற்றினான். தாய் சோமவல்லி, அத்தை பெரியநாயகி, தளபதி வல்லிடியார். தட்டு அதிர்ந்து இறங்கியது. "இருபத்தேழு!" என்று முழங்கியது துலா.

"இவர்கள் என் படை. சமன் எடைக்கு நீ யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். யானை தரட்டுமா? மந்திரி தரட்டுமா?"

"எனக்குக் குதிரைகள் வேண்டும்" என்றாள் வஞ்சுளை. "முன்வரிசையில் வழக்கம்போல என் சிப்பாய்கள். பின்வரிசையில் எட்டுக் கட்டம். ஒன்றில் என் அப்பா. மிச்சம் ஏழிலும் குதிரைகள்."

"இருபத்தொன்று!" என்றது துலா. அவள் தட்டு மேலேயே தொங்கியது.

துலாமாயன் விழுந்து விழுந்து சிரித்தான். "பெண்ணே, ஆறு எடை எனக்கு மிச்சம்! பிறகு அழக் கூடாது!"

"அழுதால் நான்தானே அழப் போகிறேன். ஆடு."

ஏழு குதிரைகளையும் அவள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். குயவர், ஓடக்காரி, வண்ணாத்தி, பனையேறி, நட்டுவனார், அரண்மனைச் சமையல்காரி, பள்ளி வாத்தியார். சமையல்காரி பொன்னம்மைதான் வாய் திறந்தாள். "இளவரசி, அந்தப் பக்கம் மூணு ராணியம்மா. எங்களை நிறுத்துறீங்களே, நாங்க என்ன ஆவோம்?"

"நீங்கள் யாரும் தனியாக நிற்கக் கூடாது, பொன்னம்மா. ஒருவரை ஒருவர் காத்து நில்லுங்கள். அது போதும்."

ஆட்டம் தொடங்கியது. ராணிகள் புறப்பட்டு வந்த அழகை என்னவென்று சொல்வது! நேராகவும் வருவார்கள், சாய்வாகவும் வருவார்கள். ஒரு வீச்சில் இந்த மூலை, மறு வீச்சில் அந்த மூலை. கருங்கல் ஆடை தரையில் உரசும்போது தீப்பொறி பறந்தது. சுற்றி நின்ற கற்களெல்லாம் மூச்சடைத்துப் பார்த்தன.

குதிரைகள் மெல்ல வந்தன. ஓடக்காரிக்குக் குயவர் காவல், குயவருக்கு வண்ணாத்தி காவல், வண்ணாத்திக்குப் பனையேறி காவல். ராணி சோமவல்லி பாய்ந்து வந்து குயவருக்கு எதிரே நின்றாள். வெட்டலாமா?

"வெட்டாதே!" என்று கத்தினான் துலாமாயன், தராசைப் பார்த்தபடி. "வெட்டினால் அந்த வண்ணாத்தி உன்னை வெட்டுவாள். மூன்றுக்கு ஒன்பதா? பின்வாங்கு!"

ராணி பின்வாங்கினாள். தளபதி பாய்ந்து வந்தார். அவர் எதிரே இருந்த குதிரைக்கும் காவல் இருந்தது. அவரும் பின்வாங்கினார். அத்தை வந்தாள், அத்தையும் பின்வாங்கினாள்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. குதிரை தாவும் விதமாக ராணியால் தாவ முடியாது அல்லவா? அதனால் குதிரை ராணியைக் குறிவைக்கும் இடத்திலிருந்து, ராணியால் அந்தக் குதிரையைத் தொடவே முடியாது. பொன்னம்மை தாவி வந்து நின்றாள். அத்தை ஓட வேண்டியதாயிற்று. நட்டுவனார் தாவி வந்தார். தளபதி ஓட வேண்டியதாயிற்று. ஓடிப் போய் நின்ற இடத்தையும் இன்னொரு குதிரை பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு குதிரைகளும் வளர்ந்தன. முற்றத்துத் தூண்கள் அளவு வளர்ந்தன. அவற்றின் பிடரி மேகத்துக்குள் போயிற்று. ராணிகளோ ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு சாண் குறைந்தார்கள். அறுபத்து நான்கு கட்டமும் அவர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

தாயின் கல்முகத்தைப் பார்க்க வஞ்சுளைக்குப் பொறுக்கவில்லை. "துலாமாயா!" என்று கூப்பிட்டாள். "உனக்கு ஒரு வழி இருக்கிறது. நானே சொல்கிறேன். ஒரு ராணியைக் கொடுத்து இரண்டு குதிரைகளை எடுத்துக்கொள். வலை கிழிந்துவிடும். நீ பிழைக்கலாம்."

துலாமாயன் தராசைப் பார்த்தான். "ஒன்பதுக்கு ஆறா? என்னை யாரென்று நினைத்தாய்? எடை எடைதான்! மலை பெயர்ந்தாலும் மாறாது!"

அடுத்த தாவலில் பனையேறி இரண்டு ராணிகளை ஒரே நேரத்தில் குறிவைத்தார். தளபதியும் அத்தையும். ஒருவர்தான் தப்ப முடியும். தளபதி பலகையை விட்டு இறங்கினார். சற்று நேரத்தில் அத்தையும் இறங்கினாள். ஆனால் துலாமாயன் லேசுப்பட்டவன் அல்ல. அந்தக் களேபரத்தில் அவனும் காவல் இல்லாமல் நின்ற மூன்று குதிரைகளை வெட்டிவிட்டான். மிஞ்சியவள் ராணி சோமவல்லி. அவள் ஒரு மூலையில் பதுங்கி, திடீரென்று ஒரு திறந்த வழியைக் கண்டுகொண்டாள். அந்த வழியின் முடிவில் நின்றவர் மாறவேள் ராஜா.

"அடுத்த நகர்த்தல்!" என்று குதித்தான் துலாமாயன். "அடுத்த நகர்த்தலில் உன் தாயே உன் தந்தையை வீழ்த்துவாள்! நீ என்ன செய்வாய்? உன் குதிரைகள் எட்டாத தூரத்தில் நிற்கின்றன!"

மெய்தான். குதிரைகள் நான்கும் இரும்பு ராஜாவைச் சுற்றி வழிகளை அடைத்து நின்றன. ஒன்று அசைந்தாலும் அவன் தப்பிவிடுவான். வஞ்சுளை பலகை முழுவதையும் பார்த்தாள். இந்த முறை தராசு இருக்கும் திசைக்கே அவள் திரும்பவில்லை. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிர்க்கரைக்கு ஒரே ஒரு கட்டம் முன்னால் ஒரு சிப்பாய் நின்றிருந்தான். பெரியவர்கள் ஓடிய ஓட்டத்தில் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. ஒரு அடி வைத்து, நின்று, இன்னொரு அடி வைத்து, அவ்வளவு தூரம் வந்துவிட்டான்.

"ஆதிரையா! அடி எடுத்து வை!"

கல் உரசியது. ஆதிரையன் கடைசி வரிசையில் ஏறி நின்றான். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் எதுவாக வேண்டுமானாலும் மாறலாம் என்பது ஆட்டத்தின் சட்டம்.

"ஒன்பது! ஒன்பது!" என்று துலாவே ஆசையாய் முழங்கியது. "ராணி ஆகட்டும்!"

ஆதிரையன் ராணி ஆனால் இரும்பு ராஜாவைத் தொட முடியாது. நேர்வழியும் இல்லை, சாய்வழியும் இல்லை. ராணியாக நின்று அவன் வேடிக்கைதான் பார்க்க முடியும். வஞ்சுளை ஆழமாக மூச்சிழுத்தாள்.

"குதிரை ஆகு, தம்பி."

"மூன்றா?" என்று அலறினான் துலாமாயன். "ஒன்பதை விட்டுவிட்டு மூன்றா? உனக்குப் பைத்தியமா?"

ஆதிரையன் குதிரை ஆனான். பிறந்த நாள் முதல் ஓடாத ஆதிரையன், பிடரியைச் சிலுப்பி, முன்னங்கால்களைத் தூக்கி நின்றான். அவன் தாவலின் முனையில், நேராக, நகர ஒரு கட்டமும் இல்லாமல் நின்றது இரும்பு ராஜா.

முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. மேகம்கூட நின்றுவிட்டது.

துலாமாயன் தராசிடம் ஓடினான். "சொல்! அந்தக் குதிரைக்கு என்ன எடை? சொல்!"

"மூன்று" என்றது துலா. அதன் முள் நடுங்கியது. "இல்லை, ஒன்பதைவிட... இல்லை, மூன்று... ராணி எங்கே நிற்கிறாள்? மற்றவர்கள் எங்கே? எத்தனை பேர் மிச்சம்? யாருக்கு எதிரே யார்?" பிறந்தது முதல் அது ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை. கேட்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. ஒரு தட்டு மேலே போயிற்று, கீழே வந்தது, மறு தட்டு மேலே போயிற்று, கீழே வந்தது. கடைசியில் பனைமர உயர முள் நடுவில் முறிந்து, தட்டுகள் இரண்டும் மலைச்சரிவில் உருண்டு போயின.

இரும்பு ராஜா சாய்ந்தது. கற்களில் விரிசல் ஓடியது. விரிசலுக்குள் தோல் தெரிந்தது, தோலுக்குள் சூடு வந்தது. ஒருவர் தும்மினார். ஒருவர் கொட்டாவி விட்டார். ஊர் முழுக்க உயிர் வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதது.

சோமவல்லி ஓடி வந்து மகளை மார்போடு அணைத்தாள். "கண்ணே, ஒன்பது என்று கேட்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இன்று காலையிலிருந்து நான் செய்ததெல்லாம் ஓடியதுதான். குயவரைக் கண்டு ஓடினேன், பொன்னம்மையைக் கண்டு ஓடினேன். அப்பாடா, நின்றால் போதும் என்றிருக்கிறது."

"நான் மட்டும் என்ன, ராணியம்மா," என்றாள் பொன்னம்மை, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "உங்களை விரட்டி விரட்டி எனக்கும் கால் போச்சு."

தளபதி மீசையைத் தடவி, அது இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

துலாமாயன் முறிந்த முள்ளின் அருகே உட்கார்ந்திருந்தான். கொல்லலாம் என்றார் தளபதி. வேண்டாம் என்றாள் வஞ்சுளை. அவன் நிமிர்ந்து, "இனி நான் எதைக் கொண்டு யாரை அறிவேன்?" என்று கேட்டான். குரலில் சூது இல்லை. குழந்தை கேட்பது போலத்தான் இருந்தது.

"பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார். நாளைக்கு வேறு மாதிரி இருந்தால் மறுபடியும் பார்" என்றாள் அவள். "பசிக்கிறதா?"

அவனுக்குப் பசித்தது. அவனையும் கூட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள்.

ஆதிரையனுக்கு அந்தக் கால் பழையபடிதான் இருந்தது. ஆனால் மலை இறங்கும்போது அவனைத் தூக்கிக்கொள்ள ஏழு பேர் முன்வந்தார்கள். "வேண்டாம், நான் நடக்கிறேன்" என்று ஓரடி ஓரடியாக வந்தான். அவன் வேகத்துக்கே ஊர் முழுவதும் நடந்தது. அப்படி மெல்ல வந்ததால்தான் வழியில் பூத்திருந்த மலைக்கொன்றையை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

ஊருக்குள் வந்தால், கன்றுகள் எல்லாப் பாலையும் குடித்துத் தீர்த்திருந்தன. சோற்றுப் பானைகளில் பூஞ்சை பிடித்திருந்தது. பொன்னம்மை முந்தானையை இழுத்துச் செருகினாள். பெருந்தச்சர் விறகு பிளந்தார், அத்தை பெரியநாயகி கீரை ஆய்ந்தாள், துலாமாயன் தண்ணீர் சுமந்தான். பிற்பாடு மாறவேள் ராஜா முதுமை அடைந்தபோது, அக்காளும் தம்பியும் ஒரே சிங்காதனத்தில் சேர்ந்து உட்கார்ந்து ஆண்டார்கள். ஓடவேண்டிய காரியத்துக்கு அவள் எழுந்தாள், நிற்கவேண்டிய காரியத்துக்கு அவன் நின்றான்.

மலையிலிருந்து திரும்பிய அன்று அந்த ஊரில் மூட்டிய அடுப்பு அதற்கப்புறம் அணையவே இல்லையாம். கதை கேட்ட உங்கள் வீட்டு அடுப்பும் அணையாமல் எரியட்டும்.